விற்பனை அனுமதிக்குக் காத்திருக்கும் செயலி: திரும்பப் பெறலாமா, பொறுத்திருக்கலாமா?

கேள்வி

வணக்கம். வீட்டு வரவு செலவைக் குறித்து வைக்கும் ஐபோன் செயலி ஒன்றைத் தனியாளாக எழுதி முடித்து, விலை வைத்து விற்பதற்காக முதன்முறையாக ஆப் ஸ்டோருக்குச் சமர்ப்பித்திருக்கிறேன். இன்றோடு மூன்று நாள்கள் ஆகின்றன; நிலைக் குறிப்பு ‘வெயிட்டிங் ஃபார் ரிவ்யூ’ என்பதைத் தாண்டவில்லை. இதற்கிடையே, அறிமுக உரையில் ‘செலவு’ என்பதைச் ‘செவலு’ என்று தட்டச்சு செய்திருப்பதை நேற்றிரவுதான் கவனித்தேன். கணக்குச் செயலியில் அந்தச் சொல்லையே பிழையாக எழுதியிருக்கிறேன் என்பதை நினைத்தால் உறக்கம் வரவில்லை. சமர்ப்பித்ததைத் திரும்பப் பெற்று, பிழையைத் திருத்தி மீண்டும் அனுப்பலாமா? அல்லது விரைந்து பரிசீலிக்கும்படி கோரிக்கை வைக்கலாமா?

மறுமொழி 1

திரும்பப் பெற வேண்டாம், நண்பரே. பரிசீலனையிலிருந்து விலக்கி மீண்டும் அனுப்பினால் இதுவரை காத்திருந்த மூன்று நாள்களும் வீணாகி, வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அறிமுக உரையை அடுத்த பதிப்போடு சேர்த்துத்தான் மாற்ற முடியும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு மேலே தோன்றும் 170 எழுத்துகளுக்கு உட்பட்ட விளம்பர வரியைப் புதிய பதிப்பு அனுப்பாமலேயே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வாங்க வருபவரின் கண் முதலில் அங்குதான் படும் என்பதால், இப்போதைக்கு அதைச் செம்மையாக எழுதி வையுங்கள்.

சராசரியாக 90 விழுக்காடு சமர்ப்பிப்புகள் 24 மணி நேரத்துக்குள் பார்க்கப்படுவதாக ஆப்பிள் கூறுகிறது. மீதமுள்ள பத்தில் ஒன்றாக நம்முடையது அமைந்துவிட்டால் மூன்று நாள் என்பது மூன்று மாதமாகத் தோன்றும். அதை வைத்து செயலியில் குறை இருப்பதாக முடிவு கட்டத் தேவையில்லை. விரைவுப் பரிசீலனைக் கோரிக்கை என்பது, வெளியான செயலி திறந்தவுடன் முடங்கிப்போவது போன்ற கடும் கோளாறுகளுக்கும், குறிப்பிட்ட நாளில் நடக்கும் நிகழ்வோடு பிணைந்த வெளியீடுகளுக்கும் உரியது. எழுத்துப் பிழைக்காக அதைச் செலவழித்துவிட்டால், உண்மையான அவசரம் வரும் நாளில் கேட்பதற்கு நமக்கே கூச்சமாக இருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. உங்கள் செயலிக்குள் நுழையக் கணக்கு வேண்டுமா? வேண்டுமென்றால், ஆப்பிளின் பரிசோதகர் பயன்படுத்துவதற்கான மாதிரிக் கணக்கை அவருக்கான குறிப்புப் பகுதியில் எழுதியிருக்கிறீர்களா? முதல் செயலிகள் திரும்பி வருவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். அத்துடன், செயலிக்குள் கணக்குத் தொடங்க வழி இருந்தால், செயலிக்குள்ளேயே அதை அழிக்கவும் வழி இருக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது. ‘மின்னஞ்சல் அனுப்புங்கள், அழித்துவிடுகிறோம்’ என்று எழுதி வைப்பது பொதுவாகப் போதாது.

மறுமொழி 2

விலைக்கு விற்கப் போவதாகச் சொல்கிறீர்கள். கட்டணச் செயலிகளுக்கான ஒப்பந்தத்தை ஏற்று, வங்கி விவரத்தையும் வரிப் படிவங்களையும் நிரப்பி, அது நடைமுறையில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பார்த்தீர்களா? இலவசச் செயலிக்கு இது தேவைப்படாததால் பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. பரிசோதனையில் தேறினாலும், இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வராதவரை ஒரு பிரதியைக்கூட விற்க முடியாது. வருவாய் குறைந்த சிறு டெவலப்பர்களுக்கு, விற்பனைத் தொகையில் ஆப்பிள் எடுத்துக்கொள்ளும் பங்கை 30 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைக்கும் திட்டம் 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், சும்மா இருக்கும் இந்த நேரத்தில் அதையும் முடித்துவிடுங்கள்.

மறுமொழி 3

ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இப்போதே ஆள் திரட்டத் தொடங்குங்கள். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கப்பட்ட தனிநபர் டெவலப்பர் கணக்குகள், பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பங்கேற்கும் மூடிய சோதனை ஒன்றைத் தொடர்ந்து 14 நாள்கள் நடத்த வேண்டும். முதலில் 20 சோதனையாளர்கள் என்று இருந்ததை, பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். அங்கே காத்திருப்பது சமர்ப்பிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. திரும்பப் பெறவில்லை. நான்காம் நாள் காலை நிலை ‘இன் ரிவ்யூ’ என்று மாறி, அன்று மாலையே நிராகரிப்பும் வந்தது. முதலில் மறுமொழி எழுதியவர் சொன்ன காரணமேதான், ஆப்பிளின் பரிசோதனை விதி 2.1. மாதிரிக் கணக்கை நான் எழுதித்தான் இருந்தேன், ஆனால் உள்ளே நுழைய என் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடு வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். பரிசோதகர் எண்ணைத் தட்டியிருக்கிறார். குறியீடு என் மேசையில் கிடந்த கைப்பேசியில் வந்து விழுந்திருக்கிறது! அந்தக் குறுஞ்செய்தியைப் பிறகுதான் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மட்டும் மாறாத குறியீட்டை ஏற்கும்படி சர்வரில் மாற்றிவிட்டு, புதிய கோப்பு எதுவும் ஏற்றாமல், அந்த விவரத்தைப் பதிலாக எழுதி மீண்டும் அனுப்பினேன், மறுநாளே தேறிவிட்டது. ஒப்பந்தமும் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் கடையில் தேடினால் செயலி தென்படவில்லை. நிலைக் குறிப்பில் ‘பெண்டிங் டெவலப்பர் ரிலீஸ்’ என்று இருக்கிறது. இன்னும் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?

மறுமொழி 1

உங்களுக்காகத்தான். சமர்ப்பிக்கும்போது ‘நானே வெளியிடுகிறேன்’ என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அந்தப் பதிப்பின் பக்கத்தில் வெளியிடும் பொத்தான் இருக்கும், அழுத்துங்கள். எல்லா நாடுகளின் கடைகளிலும் தோன்ற 24 மணி நேரம் வரை ஆகலாம். பெயரை இட்டுத் தேடினால் சற்றுத் தாமதமாகவே அகப்படும் என்பதால், நேரடி இணைப்பைத் திறந்து பாருங்கள். ‘செவலு’வைத் திருத்திய அடுத்த பதிப்பை அதன் பிறகு அனுப்பலாம், இம்முறை மாதிரி எண்ணையும் குறியீட்டையும் குறிப்புப் பகுதியிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.