இஷ்யூக்களுக்கு லேபிள் வகுக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் திறமூலத் தமிழ் விசைப்பலகைச் செயலியின் கிட்ஹப் (நிரல்களைப் பகிர்ந்து பராமரிக்கும் தளம்) பக்கத்தில் இஷ்யூக்கள் (பயனர்கள் பதியும் கோளாறுகளும் கோரிக்கைகளும்) குவிந்து, எதை முதலில் எடுப்பது என்றே தெரியாத நிலை வந்துவிட்டது. அவற்றை வகைப்படுத்த கிட்ஹப் தானாகத் தரும் லேபிள்களையே இதுவரை பயன்படுத்துகிறோம். ஆனால், 'ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது' என்று ஒருவர் எழுதினால், அது எழுத்துருவின் கோளாறா, செயலியின் கோளாறா, பழைய ஆண்ட்ராய்டு பதிப்பின் கோளாறா என்பதை 'பக்' (கோளாறு) என்ற ஒற்றை லேபிள் காட்டுவதில்லை.

ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தில் பகுதிக்கு 'ஏ', முன்னுரிமைக்கு 'பி' என முன்னொட்டு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். சர்வர்களில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் திட்டத்தில் புதிய இஷ்யூ 'நீட்ஸ்-ட்ரயாஜ்' (இன்னும் பரிசீலிக்க வேண்டியது) என்ற லேபிளோடு தொடங்குகிறது. ஏற்கப்பட்ட பிறகே அது நீங்குகிறது. இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால், அங்கே 90 நாள்கள் அசைவில்லாத இஷ்யூவை பாட் (தானியங்கி நிரல்) 'ஸ்டேல்' (நாள்பட்டது) எனக் குறித்து, பின்னர் மூடிவிடுவதை ஏற்க மனம் வரவில்லை. நேரம் ஒதுக்கி எழுதியவருக்குப் பதில் சொல்லாமல் மூடுவது முறையல்ல என்றே கருதுகிறேன்.

சிறிய குழுவில் லேபிள்களைச் சீரமைத்த அனுபவம் உள்ளவர்கள், எந்தெந்த லேபிள்கள் உண்மையில் பயன்பட்டன, பழைய இஷ்யூக்களை எப்படிப் புதிய முறைக்கு மாற்றினீர்கள், புதியவர்களுக்கான 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ'க்களை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.