சிவகங்கை மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை: ஓட்டு வீட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: காரைக்குடியில் வளவு (நடு முற்றம்) வைத்த பழைய வீடு. ஆரஞ்சு எச்சரிக்கை, அதாவது மிகக் கனமழை என்றால் எவ்வளவு தண்ணீர் வரும்? கூரையில் எதைச் சரிபார்க்கணும்?

பதில் 1: 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரைதான் மிகக் கனமழை. வளவுப் பக்கம் சரியும் 1000 சதுர அடிக் கூரையில் 12 செ.மீ. பெய்தாலே சுமார் 11,000 லிட்டர், அத்தனையும் வளவுக்குள்தான் இறங்கும். அதனால் முதலில் வளவின் வடிகால் வாய். சருகு அடைத்தால் தண்ணீர் வளவைச் சுற்றியுள்ள பத்திக்கு (தாழ்வாரத்துக்கு) ஏறிவிடும். இரண்டு வாளி ஊற்றிப் பாருங்க, தேங்கினால் அடைப்பு.

பதில் 2: மேலே அண்ணன் சொன்னது சரி. ஆனா ஒழுகுவது பெரும்பாலும் இரண்டு சரிவு கூடும் மூலைத் தகரத்தில்தான். அங்கே குப்பை சேர்ந்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகும். காய்ந்த நாளில் ஏறுங்க, நடு ஓட்டில் மிதிக்காதீங்க. முகட்டில் சிமெண்ட் பூசாதீங்க, வெடிக்கும். சுண்ணாம்புக் காரை போதும்.

கேட்டவர்: வாளி ஊற்றினேன், தேங்குது. நாளைக்கே வடிகாலைத் தோண்டணும்.