கிர்ஸ்டன் காட்டிய தலைமைப்பண்பு அலுவலகத்துக்குப் பொருந்துமா?

மூன்றாம் ஸ்லிப்:

எங்கள் நிறுவனத்தில் மேலாளர்களுக்காக நடந்த பயிற்சி வகுப்பில், இந்தியக் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியளித்த கிரேக் சேப்பலையும் கேரி கிர்ஸ்டனையும் அருகருகே வைத்து, மிரட்டுபவரைவிட அருகில் நின்று உதவுபவரே நல்ல மேலாளர் என்று பாடம் நடத்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடு உண்டு, உடனிருந்த பாதிப் பேருக்கு இல்லை.

2005 மே மாதம் பொறுப்பேற்ற சேப்பல், தம்மைக் கொண்டுவர விரும்பிய அணித்தலைவர் கங்குலியைப் பற்றியே சில மாதங்களுக்குள் கிரிக்கெட் வாரியத்துக்குக் குறைகூறி மின்னஞ்சல் எழுதினார். அது வெளியே கசிந்தது. கங்குலி தலைமையை இழந்தார். 2007 உலகக் கோப்பையில், தொடக்க ஆட்டக்காரராகவே பெயரெடுத்த சச்சின் நான்காம் இடத்தில் இறக்கப்பட்டார். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வங்கதேசத்துக்கு எதிராக 191 ரன்களுக்குச் சுருண்டு, முதல் சுற்றோடு ஊர் திரும்பினோம்.

2008 மார்ச்சில் வந்த கிர்ஸ்டன் 101 டெஸ்ட் ஆடியவர். வலைப்பயிற்சியில் ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் சலிக்காமல் பந்து எறிந்து கொடுத்ததும், வீரர்களின் குறைகளை ஊடகத்தில் பேசாமல் இருந்ததும்தான் அவரைப் பற்றி எல்லோரும் நினைவில் வைத்திருப்பவை. தாம் பொறுப்பேற்றபோது சச்சின் ஓய்வைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் என்று கிர்ஸ்டனே பின்னாளில் கூறியிருக்கிறார். அதே சச்சின் 2010 பிப்ரவரியில் குவாலியரில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி ஒருநாள் போட்டியில் 200 ரன் எடுத்தார். 2009 டிசம்பரில் டெஸ்ட் தரவரிசையில் முதலிடம் கிடைத்தது. 2011 ஏப்ரல் 2 அன்று உலகக் கோப்பையும் வந்தது. மிரட்டியவர் தோற்றார், அருகில் நின்று உதவியவர் வென்றார் என்பதில் இன்னும் என்ன ஐயம்?

பழைய ஸ்கோர்கார்டு:

நண்பர் மூன்றாம் ஸ்லிப் முடிவை முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற காரணத்தைப் பிறகு தேடிப் பொருத்துகிறார். சேப்பல் காலத்தில்தான் இந்தியா இலக்கை விரட்டி ஆடிய 17 ஒருநாள் போட்டிகளில் தொடர்ச்சியாக வென்றது. 2006இல் மேற்கிந்தியத் தீவுகளில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு டெஸ்ட் தொடரைக் கைப்பற்றியதும், அதே ஆண்டு டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில், தென்னாப்பிரிக்க மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றி பெற்றதும் அவர் பயிற்சியில்தான். 2011 உலகக் கோப்பையின் காலிறுதியிலும் அரையிறுதியிலும் ஆட்டமிழக்காமல் நின்று அணியைத் தாங்கிய ரெய்னா, 2005இல் சேப்பலின் முதல் தொடரில் அறிமுகமானவர். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர்.

அந்த மின்னஞ்சலையும் நிதானமாகப் பாருங்கள். பயிற்சியாளர் தமக்கு வேலை கொடுத்த வாரியத்துக்கு மட்டும் எழுதியது அது. அணித்தலைவர் சரியில்லை என்று கருதும் ஒருவர் அதை மேலிடத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்ல வேண்டும்? கசிந்தது வேறு கதை.

கிர்ஸ்டன் விடைபெற்ற சில மாதங்களிலேயே இங்கிலாந்தில் 4-0, அதைத் தொடர்ந்து ஆஸ்திரேலியாவில் 4-0 என்று டெஸ்ட் தொடர்களை இழந்தோம். மூத்த வீரர்களுக்குப் பதில் யார் என்ற கசப்பான கேள்வியை யாரும் கேட்காமல் தள்ளிப்போட்டதற்கு அணி கொடுத்த விலை அது. இணக்கமான சூழலுக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கும். அதை அடுத்து வருபவர் கட்டுவார்.

மூன்றாம் ஸ்லிப்:

நோயைச் சேப்பல் சரியாகவே கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து கொடுத்த விதத்தால் நோயாளி மருத்துவரைக் கண்டாலே ஒளிந்தார் என்பதுதான் என் வாதம். பயிற்சியாளர் தம் மனப்பான்மையையே சந்தேகித்தது வேதனை தந்தது என்று சச்சின் வெளிப்படையாகச் சொல்லும் நிலை வந்தது. பொதுவாகச் சச்சின் இப்படிப் பேசுபவர் அல்லர். மாறாக, கிர்ஸ்டன் வந்தவுடன் நடந்த தென்னாப்பிரிக்கத் தொடரில், நம் சேப்பாக்கத்தில், முந்தைய ஆண்டு டெஸ்ட் அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்த சேவாக் 319 ரன் எடுத்ததைப் பார்த்தோம்.

எல்லைக்கோடு:

சேவாக் அந்த ஆண்டு தொடக்கத்தில், கும்ப்ளே தலைமையில் ஆஸ்திரேலியாவில் ஆடியபோதே அணிக்குள் திரும்பிவிட்டார். அந்த 319ஐக் கிர்ஸ்டன் கணக்கில் எழுதுவது நியாயமன்று.

நீங்கள் இருவரும் தாண்டிப்போகிற காலம் ஒன்று இருக்கிறது. சேப்பல் விலகியதற்கும் கிர்ஸ்டன் வந்ததற்கும் இடையில் அணிக்கு நிலையான தலைமைப் பயிற்சியாளரே இல்லை. அந்த இடைவெளியில்தான் இங்கிலாந்தில் 1986க்குப் பிறகு முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றோம். 2007 செப்டம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பையையும் வென்றோம். இதையும் அந்த வகுப்பில் சேர்த்திருந்தால், மேலாளரே வேண்டாம் என்ற பாடமல்லவா வந்திருக்கும்?

இந்தியக் கிரிக்கெட்டில் அணியைத் தேர்ந்தெடுப்பது தேர்வுக்குழு, களத்தில் முடிவெடுப்பது கேப்டன். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியை 1986 முதல் 2013 வரை நடத்திய அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு இருந்த அதிகாரம் இங்கு எந்தப் பயிற்சியாளருக்கும் இருந்ததில்லை. அவர் காலத்தில் நட்சத்திர வீரர் பெக்காமே 2003இல் வேறு அணிக்குப் போக நேர்ந்தது. கிர்ஸ்டனிடம் ஒரு வீரர் தம் பயத்தை மனம் திறந்து சொல்ல முடிந்ததற்கு, அவர் கையில் அந்த வீரரின் சம்பள உயர்வு இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் நிறுவன மேலாளர் கையில் அது இருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டை எழுதும் ஒருவர் "உங்களுக்குப் பந்து எறிந்து கொடுக்கவே வந்திருக்கிறேன்" என்றால், ஊழியர் அதை நம்புவாரா?

இறகுப்பந்து:

மாவட்ட அளவில் பேட்மிண்டன் ஆடியவள், இப்போது பள்ளி மாணவியருக்குக் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: கண்டிப்பா, இணக்கமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முந்தைய மூன்று மாதங்கள் பேட்மிண்டன் வீராங்கனை சிந்துவின் கைப்பேசி அவரிடம் இல்லை. பயிற்சியாளர் கோபிசந்த் வாங்கி வைத்திருந்தார். இனிப்பும் கிடையாது. சிந்துவுக்கு அப்போது 21 வயது, ஒத்துக்கொண்டார், வெள்ளி வென்றார். அதே கோபிசந்திடம் பயின்று 2012இல் லண்டனில் வெண்கலம் வென்ற சாய்னா, 2014இல் அவரை விட்டுப் பெங்களூரில் பயிற்சியாளர் விமல் குமாரிடம் போனார். அடுத்த ஆண்டே உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். 2017இல் ஹைதராபாத்துக்கே திரும்பினார்.

என் மாணவியரில் ஒருத்தியிடம் நான் கோபிசந்த் போல நடந்து பார்த்தேன். இரண்டே வாரத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்டாள். அவளுக்கு முன்னால் ஒலிம்பிக் எதுவும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கைப்பேசியைப் பிடுங்குபவரை விட்டு வெளியேறும் உரிமை வீராங்கனைக்கு உண்டு. வீட்டுக்கடன் கட்டும் ஊழியருக்கு அது பெயரளவில்தான் உண்டு.

பழைய ஸ்கோர்கார்டு:

வெளியேறும் உரிமை பற்றிப் பேசியதால் இதையும் பதிகிறேன். 2016 முதல் 2017 வரை இந்தியக் கிரிக்கெட் அணியின் பயிற்சியாளராக இருந்த கும்ப்ளேயின் காலத்தில் ஆடிய 17 டெஸ்டுகளில் 12 வெற்றி, நான்கு டிரா, ஒரே ஒரு தோல்வி. ஆயினும் தம் அணுகுமுறையில் கேப்டனுக்கு மனக்குறை இருப்பதாக வாரியம் தெரிவித்தது என்று கூறிவிட்டு அவர் விலகினார். ஆக, அங்கே வெளியேற்றும் அதிகாரமே வீரர்கள் பக்கம் இருந்தது. கிர்ஸ்டனின் பணிவைப் புகழும்போது, பணியாமல் பிழைக்க முடியாத பதவி அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் ஸ்லிப்:

சேவாக் கணக்கை நான் தவறாக எழுதிவிட்டேன். எல்லைக்கோடு சொன்னது சரி. சம்பள உயர்வு பற்றிய கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. என் குழுவில் ஆறு பேர். ஆறு பேரின் மதிப்பீட்டையும் நானே எழுதுகிறேன். வகுப்பு நடத்தியவர் இதைத் தொடவே இல்லை. அடுத்த அமர்வில் கேட்கிறேன்.

சேப்பல் விஷயத்தில் மட்டும் இறங்கிவர மாட்டேன். பணிவு அந்தப் பதவியின் கட்டாயம் என்று ஸ்கோர்கார்டு சொல்வது உண்மையானால், அதே பதவியில் இருந்த சேப்பல் அதை உணராமல் போனது அவருடைய தவறுதானே?

பழைய ஸ்கோர்கார்டு:

தவறுதான். ஆனால் 2011 இங்கிலாந்துத் தொடரைப் பற்றி நான் சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.