மஞ்சள் காஸ்மோஸ் வளர்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மதுரை மாடித்தோட்டம்:
மாடியில் பாகலும் பரங்கியும் வைத்திருக்கிறேன். பூ நிறைய வரும், ஆனால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். போன ஆடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக மஞ்சள் காஸ்மோஸ் விதை தூவினேன். பக்கத்து வீட்டு அக்கா தன் செடியில் உருவிக் கொடுத்த விதை. செம்மண், மணல், கொஞ்சம் மக்கிய சாணி எரு, நல்ல வெயில். இதற்கு மேல் அது எதுவும் கேட்கவில்லை. முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். பக்கக் கிளைகள் விட்டு, புரட்டாசி பிறந்தபோது செடி முழுக்கப் பூ!

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். வெயில் ஏறியதும் கொசுத்தேனீக்கள் வர ஆரம்பித்தன. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும் தினமும் வந்தது. காஸ்மோஸுக்கு வந்த தேனீ அப்படியே பாகல் பந்தலுக்கும் போயிற்று. பிஞ்சு நிற்கிறது. காய்கறிக்கே இடம் போதவில்லை என்று சொல்பவர்கள் காய்க்காகவாவது ஒரு தொட்டி இதற்கு ஒதுக்குங்கள்.

தஞ்சை ராணி:
படிக்கவே ஆசையாக இருக்கிறது அக்கா. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பாகல், பரங்கி, வெள்ளரி எல்லாம் காலையில் மலர்வதால் தேனீ வந்தால் காய் பிடிக்கும். சுரையும் புடலையும் பொழுது சாயும்போதுதான் விரியும். அவற்றுக்கு அந்துப்பூச்சி வர வேண்டும், இல்லாவிட்டால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தடவ வேண்டும். எங்கள் வீட்டுச் சுரைக்கு அம்மாதான் டார்ச் லைட்டோடு போய்த் தடவிவிடுவார்.

ஐப்பசி மழையில் காஸ்மோஸ் சாய்ந்துவிடும். முன்னாடியே குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

கோவை செடிப்பிரியன்:
இரண்டு அக்காவுக்கும் நன்றி. விதை எடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பூக்களின் கூட்டம். சுற்றிலும் இதழ் போல விரிந்திருப்பவை மலட்டுப் பூக்கள். விதை பிடிப்பது நடுவில் நெருக்கமாக இருக்கும் குட்டிப் பூக்களில்தான். அதனால் மஞ்சள் உதிர்ந்ததும் எல்லாத் தலைகளையும் கிள்ளி எறியாதீர்கள். சிலதைச் செடியிலேயே காயவிட்டால் ஊசி போன்ற கருத்த விதைகள் விரிந்து நிற்கும். கொஞ்சம் தாமதித்தாலும் காற்றில் கொட்டிவிடும், மத்தியானத்தில் உருவினால் ஈரமும் இருக்காது.

இன்னொரு விஷயம், யூரியா போடவே போடாதீர்கள். மெக்சிகோ பக்கத்துச் செடி இது, வளம் குறைந்த மண்ணுக்குப் பழகியது. தழைச்சத்து கூடினால் ஆள் உயரம் வளர்ந்து இலையாகவே நிற்கும், பூ தள்ளிப்போகும். மாவுப்பூச்சி தெரிந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்பு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். காலையில் தெளித்தால் தேனீ மேலேயே படும்.

மலையோரம் வீடு உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். தானாகவே விழுந்து முளைக்கும் செடி, வேலி தாண்டிக் காட்டுக்குள் போகவிடக் கூடாது.