சோலார் கோ-கார்ட்: சார்ஜ் ஏறலை, ஸ்டியரிங் அலையுது, போர்டு ரீசெட் ஆகுது

மூணாம்_கியர்:
ஃபைனல் இயர் புராஜெக்ட், தானா ஓடுற கோ-கார்ட். 48 வோல்ட் 1 கிலோவாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மோட்டார், 16 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி (40 ஆம்பியர்-அவர்), கூரையில 100 வாட் பேனல் ரெண்டு சீரிஸ்ல. வீல்பேஸ் (முன், பின் சக்கரத்துக்கு இடையில) 1.05 மீட்டர். ஸ்டியரிங்குக்கு கார் வைப்பர் மோட்டார், செயின் டிரைவ். பாதையைப் பிடிக்க பியூர் பர்சூட் (பாதையில முன்னாடி ஒரு புள்ளியைக் குறிவச்சுத் திருப்புற முறை), அந்தப் புள்ளிக்கான தூரம், அதாவது லுக்-அஹெட், 1.5 மீட்டர். எம்பிபிடி (பேனல்ல இருந்து பேட்டரிக்கு ஏத்துற சார்ஜ் கன்ட்ரோலர்) சார்ஜே ஏத்தலை. 12 கி.மீ. வேகம் தாண்டினா வண்டி இடம் வலமா அலையுது. த்ராட்டில் கொடுத்ததும் ஆர்டுயினோ (கோடு ஓடுற கன்ட்ரோல் போர்டு) ரீசெட். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வெயில்_வாட்:
"12 வோல்ட்" பேனல் லோடுல தர்றது 18 வோல்ட் கிட்ட. ரெண்டு சேர்ந்தா 36. உங்க பேட்டரி பேக் 51.2. சாதாரண எம்பிபிடி பக் வகை, வோல்டேஜை இறக்கும், ஏத்தாது. பூஸ்ட் வகை வாங்குங்க, இல்லேன்னா 50 வாட் பேனல் நாலை சீரிஸ்ல போடுங்க. சார்ஜ் வோல்டேஜ் 56.8 போதும், செல்லுக்கு 3.55. முதல்ல பேட்டரி, அப்புறம்தான் பேனலை இணைக்கணும்.

ரொம்ப எதிர்பார்க்காதீங்க. படுக்கையா வச்ச 200 வாட் பேனல் நம்ம வெயில் சூட்டுல 145 வாட் கொடுத்தாலே பெரிசு. 2 யூனிட் பேக் நிரம்ப நல்ல வெயிலே 14 மணி நேரம் வேணும், அதாவது கிட்டத்தட்ட மூணு நாள். ரோல் பார் நிழல் பேனல் மேல விழுந்தா அதுவும் கிடைக்காது.

கிங்பின்:
ட்யூனிங்கைத் தொடாதீங்க தம்பி, மெக்கானிக்கலை முதல்ல பாருங்க. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, 20 டிகிரி திரும்பச் சொல்லுங்க. போய்ச் சேர 0.3 செகண்டுக்கு மேல ஆனா எந்த கெயினும் (கோடுல வைக்கிற திருத்த அளவு) காப்பாத்தாது. ஆங்கிள் சென்சார் மோட்டார் ஷாஃப்ட்ல இருக்கா? அப்போ செயின் தளர்ச்சி உங்க கோடுக்குத் தெரியவே தெரியாது. சென்சாரை ஸ்டியரிங் தண்டோட அடியில மாட்டுங்க, ஏஎஸ்5600 (காந்த ஆங்கிள் சென்சார் சிப்) போதும்.

அது சரியான பிறகு லுக்-அஹெட்டை வேகத்தோட சேர்த்து நீட்டுங்க: மீட்டர்/செகண்ட் வேகம் × 0.8, குறைஞ்சது 2 மீட்டர். பின் ஆக்சில் ஒரே துண்டா இருந்தா உள் சக்கரம் தேயும், வண்டி பியூர் பர்சூட் ஃபார்முலா சொல்றதைவிடக் குறைவாத் திரும்பும். அந்த வித்தியாசத்தை ஓட்டி அளந்து டேபிளா வைங்க.

இன்னொண்ணு, வைப்பர் மோட்டார்ல இருக்கிறது வார்ம் கியர், மோட்டார் பக்கமிருந்து மட்டும்தான் சுத்தும். ஓட்டுறவர் அவசரத்துக்குக் கையால திருப்ப முடியாது. நடுவுல மின்காந்த கிளட்ச் இல்லாம ஆளை உட்கார வைக்காதீங்க.

ஃபியூஸ்_போச்சு:
ரீசெட்டுக்கு: லாஜிக்குக்கு (ஆர்டுயினோ பக்கம்) தனி ஐசொலேட்டட் டிசி-டிசி (மெயின் பேட்டரி லைனைப் பிரிச்சு வோல்டேஜை மாத்துற கன்வெர்ட்டர்), கிரவுண்ட் மோட்டார் கன்ட்ரோலர் பக்கம் ஒரே இடத்துல, மோட்டாருக்குப் போற ஃபேஸ் வயரை விட்டு சிக்னல் வயர் தள்ளி. த்ராட்டிலுக்கு பிடபிள்யூஎம்மை (ஆர்டுயினோ தர்ற ஆன்-ஆஃப் துடிப்பு சிக்னல்) நேரா கொடுக்காம எம்சிபி4725 டேக் (டிஜிட்டலை வோல்டேஜா மாத்துற சிப்) போட்டு 0.8 முதல் 4.2 வோல்ட் வரை கொடுங்க. கிரவுண்ட் வயர் அறுந்தா சிக்னல் மேல ஏறி ஃபுல் த்ராட்டில் ஆகலாம்.

அதனால எமர்ஜென்சி ஸ்டாப் த்ராட்டிலை வெட்டினா பத்தாது, மெயின் கான்டாக்டரோட (பேட்டரி கரண்டை வெட்டுற பெரிய ரிலே) காயிலை வெட்டணும். கான்டாக்டர் டிசி ரேட்டிங்ல இருக்கணும், ப்ரீசார்ஜுக்கு (கன்ட்ரோலர் கப்பாசிட்டரை முன்னாடியே மெதுவா நிரப்ப) 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் இல்லேன்னா கான்டாக்ட் ஒட்டிக்கும். கரண்ட் போனா ரீஜென் பிரேக்கும் (மோட்டாராலயே பிடிக்கிற பிரேக்) போகும். ஸ்ப்ரிங் இழுத்துப் பிடிக்கிற டிஸ்க் பிரேக், கரண்ட் இருக்கும்போது மட்டும் விடுவிக்கிற மாதிரி போடுங்க. கணக்கு பாருங்க: 20 கி.மீ. வேகத்துல 0.3 செகண்ட் தாமதத்துக்கே 1.7 மீட்டர் ஓடிடும், பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 3.9.

மூணாம்_கியர்:
நன்றி அண்ணா. கிளட்ச் 12 வோல்ட்டா, 24-ஆ?

கிங்பின்:
12. எமர்ஜென்சி ஸ்டாப் லைன்லயே கொடுங்க, அழுத்தினதும் ஸ்டியரிங்கும் கைக்கு வந்துடும்.