கொழும்பு வளவில் உருளைக்கிழங்கை உயரவாக்கில் வளர்க்க முடியுமா?

கேள்வி (தெஹிவளை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பின்வளவு, மதிலுக்கும் கிணற்றுக்கும் இடையே எஞ்சியுள்ள சிறு துண்டு நிலந்தான். காலையில் நல்ல வெயில் விழும். பிற்பகலில் பக்கத்து மாடிக் கட்டடத்தின் நிழல் வந்துவிடும். கம்பி வலையை நான்கடி உயரத்துக்கு உருளையாக நிறுத்தி, வைக்கோலும் மண்ணும் மாறி மாறி நிரப்பி, அடுக்கடுக்காக உருளைக்கிழங்கு நடும் முறையைக் காணொளிகளில் பார்த்தேன். அவையெல்லாம் குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. இங்கே இம்முறை பலன் தருமா? யாழ்ப்பாணத்தில் தோட்டஞ் செய்த என் மாமியார், மார்கழிக் குளிர் இல்லாமல் கிழங்கு பிடிக்காது என்கிறார். கடைக் கிழங்கையே முளைக்க வைத்து நடலாமா என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (வெள்ளவத்தை)

உங்கள் மாமியார் சொல்வது முற்றிலும் சரி. உருளைக்கிழங்கு வேரன்று, மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்துத் திரள்வதே கிழங்கு. இரவு வெப்பம் 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால், இலைகள் பகலில் ஆக்கிய மாச்சத்து அந்த நுனிக்கு நன்றாக இறங்கும். அது 20 பாகையைத் தாண்டிப் போகப் போக, செடி அந்த மாச்சத்தில் பெரும்பகுதியைத் தன் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். ஜிபரெலின் என்னும் வளரூக்கியும் மிகுந்து, கிழங்காக வேண்டிய நுனி மேல்நோக்கி வளைந்து, மண்ணைப் பிளந்துகொண்டு இலைவிட்ட கிளையாக வெளியே வந்துவிடும். மேலே பச்சைப் பசேலென்ற செடியும் கீழே போளை அளவுக் கிழங்குகளுமாகப் பலர் கண்டு மனம் சலிப்பதற்குக் காரணம் இதுதான். பசளைக் குறைவு அன்று.

நுவரெலியாவிலும் வெலிமடையிலும் மலைக்குளிர் உண்டு. யாழ்ப்பாணத்து விவசாயிகளோ கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுகிறார்கள். வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவுகள் கிழங்கு பருக்கும் காலத்தில் அமைய வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்கு. கொழும்பிலும் இரவுகள் ஓரளவு இதமாக இருப்பதும் மழை குறைவதும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான். ஆகவே நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முற்பகுதியிலோ நட்டால் மட்டுமே இங்கே முயன்று பார்க்கலாம். மே மாதத்தில் நட்டால், தென்மேற்குப் பருவமழையும் வெக்கையும் சேர்ந்து விதைக்கிழங்கையே அழுக வைத்துவிடும்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிழங்கு தாங்கும் ஓடுதண்டுகள் பெரும்பாலும் விதைக்கிழங்குக்குச் சற்று மேலேயுள்ள கணுக்களிலிருந்துதான் புறப்படுகின்றன. தண்டு நீள நீள மண்ணைக் குவித்துக்கொண்டே போனாலும், அடி முதல் நுனி வரை கிழங்கு வைக்காது. மண் அணைப்பதன் உண்மையான பயன், கிழங்கின் மீது வெளிச்சம் படாமல் காப்பதாகும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி, உள்ளே சொலனின் என்னும் நச்சு சேரும். இதற்கு ஒன்றரை அடி ஆழம் தாராளம். நான்கடிக் கம்பிக் கூடையோ நாலாபுறமும் காய்ந்து, வெயிலில் விரைவாகச் சூடேறிவிடும்.

மறுமொழி 2 (கொட்டாஞ்சேனை)

மேலே எழுதிய அன்பரின் கருத்தே என் கருத்தும். கூடைக்குப் பதிலாக வெள்ளை நிற உரப்பைகளைப் பயன்படுத்துங்கள். கறுப்புப் பை வெயிலில் மண்ணைக் காய்ச்சிவிடும். பையின் வாயை வெளிப்புறமாக மடித்துத் தாழ்த்தி, அடியில் துளையிட்டு, மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் கலந்து அரையடிக்கு நிரப்பி, இரண்டு விதைக்கிழங்குகளை முளை மேல்நோக்க வைத்து, நான்கு விரற்கடை மூடுங்கள். செடி உயர்ந்து வர, மடிப்பை அவிழ்த்துக் கலவையைச் சேர்க்கலாம். விதைக்கிழங்கை வெட்டாமல், முட்டையை விடச் சிறிய முழுக் கிழங்காகவே நடுங்கள். நம் ஈரப்பதத்தில் வெட்டுவாய் எளிதில் அழுகும். பையின் கீழ்த் தட்டு வைத்து நீரைத் தேக்காதீர்கள், டெங்கு நுளம்புக்கு அதுவே போதும்.

கடைக் கிழங்கு வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். முளைக்காதிருக்க மருந்திட்ட கிழங்காக அது இருக்கக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து பற்றீரியா வாடல் நோய்; அது மண்ணில் தங்கிவிட்டால் பின்னர் நீங்கள் வைக்கும் தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் பிடிக்கும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று துவண்டால், தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் தொடும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிழை கீழ்நோக்கி இறங்கினால் அந்த நோய்தான். பையோடு முழுவதையும் அகற்றிவிடுங்கள். சான்றளிக்கப்பட்ட விதைக்கிழங்கு கிடைக்குமா என்று விவசாயத் திணைக்களத்தில் விசாரிப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. டிசம்பரில் இரண்டு பைகளோடு தொடங்குகிறேன். மற்ற மாதங்களில் அந்த மதிலோரத்தைச் சும்மா விட மனமில்லை. உயரவாக்கில் வேறு ஏதேனும் கிழங்கு வைக்கலாமா?

மறுமொழி 3 (மட்டக்குளி)

இராசவள்ளி வையுங்கள். அது இயல்பிலேயே கொடி. இந்த வெக்கையும் மழையும் அதற்கு மிகவும் பிடித்தவை. சித்திரை, வைகாசியில் கிழங்குத் துண்டின் வெட்டுவாயில் சாம்பல் தடவி நட்டு, மதிலில் கயிறு கட்டியோ கம்பி வலை சாத்தியோ ஏற்றிவிட்டால், நிலத்தில் ஓரடி இடமே போதும். கிழங்கு ஆழமாக இறங்குவதால், குழியைத் தோண்டி மக்கிய இலையும் மாட்டெருவும் இட்டு மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள். மார்கழி, தை அளவில் இலை பழுத்துக் கொடி காய்ந்ததும் கிண்டலாம். நீங்கள் டிசம்பரில் நடும் உருளைக்கிழங்கு பைகளில் இருப்பதால், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இரா; கொடி காயும் பருவமாதலால் பைகளுக்கு வேண்டிய காலை வெயிலையும் அது மறைக்காது.