சிம்போர்ஸ்காவின் ஆறு வரிக் கவிதை: கட்டுடைப்பு வாசிப்பை எங்கே தொடங்குவது?

பனையோலை:
போலிஷ் கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்காவின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘ஹ்ஃபிலா’வில் (கணம் என்று பொருள்) மூன்று விசித்திரமான சொற்களைப் பற்றிய கவிதை ஒன்று இருக்கிறது. எதிர்காலம் என்று சொல்ல வாயெடுத்தால் முதல் அசை அதற்குள் இறந்தகாலத்துக்குப் போகிறது. அமைதி என்று சொன்னால் அமைதி குலைகிறது. ஒன்றுமில்லை என்று சொன்னால் எந்த இன்மைக்குள்ளும் அடங்காத ஏதோ ஒன்று பிறக்கிறது. இவ்வளவுதான் கவிதை. பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவின் கட்டுடைப்பு வழியில், அதாவது ஒரு பிரதி நம்பி நிற்கும் எடுகோள்களை அதற்குள்ளிருந்தே குலைத்துக் காட்டும் வழியில், இதை வாசித்துக் கட்டுரை எழுத வேண்டும். ஆனால் கவிதையே தன்னைக் கட்டுடைத்துக்கொள்கிறதே, எனக்கு என்ன வேலை மிச்சம்? தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து எழுதலாமா?

நடுகல்:
முரணைக் கண்டதும் கட்டுடைப்பு என்று எழுதிவிடுவதுதான் இந்தக் கவிதையில் எல்லோரும் செய்யும் தவறு. அந்த மூன்று முரண்களையும் கவிஞரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவற்றை நீங்கள் திரும்பச் சொன்னால் அது உரை, அவ்வளவுதான். அந்த முரண் வேலை செய்வதற்குக் கவிதை எதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள்.

மூன்று ஈரடிகளின் தொடக்கத்திலும் ‘எப்போது’ என்ற சொல்லை அடுத்து ‘விமாவியாம்’ (உச்சரிக்கிறேன்) என்ற வினைதான் வருகிறது. சொல் என்றால் குரல் என்பது இங்கே எடுகோள். 1967இல் வந்த தெரிதாவின் நூல்கள் குறிவைத்தது இந்த எடுகோளைத்தான்: பேச்சு முதன்மையானது, எழுத்து அதன் நிழல். இப்போது இரண்டாம் ஈரடிக்கு வாருங்கள். புத்தகத்தை மனதுக்குள் வாசிப்பவர் அந்தச் சொல்லைக் கண்ணால் கடக்கிறார், அறையின் அமைதி அப்படியே இருக்கிறது. குரல் குலைக்கும் அமைதியை எழுத்து குலைக்கவில்லை. கவிதை நம்மிடம் வந்து சேர்ந்ததும் எழுத்தாகத்தான். தாள் சும்மா இருக்கும்போதே ‘குலைக்கிறேன்’ என்கிறது வரி. கட்டுரையின் மையம் இதுவாக இருக்கட்டும்.

அதற்காகப் பேச்சைக் கீழே தள்ளி எழுத்தை மேலே ஏற்றிவிட்டு நிறுத்தினால் பாதி வேலைதான் முடியும். படிநிலையைத் தலைகீழாக்குவது முதல் அடி. அந்த எதிர்வே நிற்காதபடி இடம்பெயர்ப்பது இரண்டாம் அடி. இரண்டும் சேர வேண்டும் என்பதை 1972இல் வெளிவந்த நேர்காணல் தொகுப்பில் தெரிதாவே வலியுறுத்துகிறார்.

வல்லொற்று:
போலிஷ் மூலம் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. முதல் ஈரடி ஒன்றே போதும்.

எதிர்காலம் ‘ப்ஷிஷ்வொஷ்ச்’. இறந்தகாலம் ‘ப்ஷெஷ்வொஷ்ச்’. ஓர் உயிரொலிதான் வேறுபாடு, அதுவும் முதல் அசையில் இருக்கிறது. மிச்சமுள்ள ‘ஷ்வொஷ்ச்’ இரண்டுக்கும் பொது. ஆக, கழிந்துபோவதாகக் கவிஞர் சொல்லும் அந்த முதல் அசைதான் எதிர்காலத்தை இறந்தகாலத்திலிருந்து பிரித்துக் காட்டும் ஒரே உறுப்பு. அது போனபின் வாயில் எஞ்சுவது இரண்டு காலங்களுக்கும் உரிய வால். எவ்வளவு நுட்பம்!

இன்னும் தோண்டலாம். இரண்டு சொற்களுக்கும் அடியில் இருப்பது ‘போ’ என்ற வினையின் இறந்தகால வேர். எதிர்காலத்துக்கான சொல்லே ‘வந்துசேர்ந்தது’ என்ற எச்சத்திலிருந்து பிறந்தது. எதிர்காலத்தின் உடலில் இறந்தகாலம் ஏற்கெனவே குடியிருக்கிறது. இதைத் தெரிதா பிரெஞ்சில் ஓர் எழுத்தை மாற்றிச் செய்த ‘டிஃபரான்ஸ்’ (வேறுபடுதல், தள்ளிப்போடுதல் இரண்டையும் சேர்த்துக் குறிப்பது) என்ற சொல்லோடு ஒப்பிடலாம், ஆனால் கவனமாக: தெரிதாவின் மாற்றம் கண்ணுக்கு மட்டும் தெரியும், காதுக்குக் கேட்காது. போலிஷ் வேறுபாடு காதுக்கும் கேட்கும். இதை விட்டுவிட்டு இரண்டும் ஒன்று என்று எழுதினால் ஒப்பீடு உடைந்துவிடும்.

இரண்டாம் ஈரடியில் அமைதி ‘ச்சிஷா’, அழிக்கிறேன் ‘நிஷ்ச்செ’. ‘இஷ்’ என்ற ஒலி இரண்டிலும் உண்டு. அழிக்கும் வினைக்குள்ளேயே அமைதியின் ஒரு துண்டு ஒலிக்கிறது.

பனையோலை:
இப்படி ஒலியைப் பிடித்துக்கொண்டே போனால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே? எல்லை எது?

நடுகல்:
எல்லை உண்டு. மரபான விளக்கவுரை ஒரு தடுப்புச்சுவர், அது இல்லாவிட்டால் வாசிப்பு எந்தத் திசையிலும் ஓடிவிடும் என்று தெரிதாவே சொல்கிறார். அதைத் தாண்டத்தான் வேண்டும், இடிக்கக் கூடாது. நடைமுறையில், நீங்கள் எழுதும் ஒவ்வொரு கூற்றுக்கும் மூலத்தில் ஓர் எழுத்தையோ விகுதியையோ பால் குறியையோ தொட்டுக் காட்ட முடிய வேண்டும். முடியவில்லையென்றால் அடித்துவிடுங்கள். ‘நிட்ஸ்’ (ஒன்றுமில்லை) என்பதைப் போருக்குப் பிந்தைய போலந்தின் வெறுமை என்று வாசிக்கிறவர்களுக்கு இந்த ஆறு வரிகளில் பிடிமானமே கிடையாது.

வல்லொற்று:
பால் குறிக்கு நல்ல உதாரணம் ‘நிஷ்ச்செ யொ(ங்)’, அதாவது ‘அவளை அழிக்கிறேன்’ என்பது போன்ற அமைப்பு. ‘சொல்’ என்பது போலிஷில் அஃறிணை போன்ற மூன்றாம் பால், ‘அமைதி’ பெண்பால். பிரதிப்பெயர் பெண்பாலில் வருவதால் அழிவது சொல் இல்லை, அமைதி. சொல்லிலிருந்து பொருளுக்கு வரி தாவும் இடம் அந்த ஒற்றைப் பிரதிப்பெயர். தமிழில் ‘அதை அழிக்கிறேன்’ என்று போட்டால் சொல்லை அழிப்பதாகப் படும். ‘அமைதியை’ என்று திரும்பச் சொல்வதைத் தவிர வழியில்லை.

தமிழ்ப்படுத்துகையில் இன்னும் சில இடங்கள் சறுக்கும். ‘மௌனம்’ வேண்டாம், அது பேசாதிருக்கும் ஆளுடையது, அதற்குப் போலிஷில் வேறு சொல் உண்டு. ‘நிசப்தம்’ என்பதற்குள் சப்தம் ஒளிந்திருப்பது சுவையானதுதான், ஆனால் அது தமிழ் வாசிப்பின் கண்டுபிடிப்பு, சிம்போர்ஸ்காவின் வரிக்கு அதைச் சேர்க்காதீர்கள். மூன்றாம் ஈரடியில் ‘நிட்ஸ்’ என்ற சொல்லுக்கே ‘இன்மை’யைப் போட்டுவிட்டால் கடைசி வரியில் வரும் இன்மைக்குச் சொல் இருக்காது. அவர் எடுத்தது தத்துவக்காரர்களின் ‘சூன்யம்’ போன்ற கனத்த பெயர்ச்சொல்லை அல்ல, தினமும் வாயில் புழங்கும் சொல்லை. ‘ஒன்றுமில்லை’தான் பொருந்தும், ‘ஒன்று’ அதற்குள் இருப்பதும் நல்லதே. அங்குள்ள வினைக்கு ‘உருவாக்குகிறேன்’ போதாது, கடவுள் உலகைப் படைத்ததற்கும் போலிஷில் இதே வினைதான். ‘படைக்கிறேன்’ என்றே எழுதுங்கள். இரண்டாம் ஈரடியில் ‘அழித்துவிடுகிறேன்’ என்பதும் பிழை, மூல வினை முடிவுறாத வகை, செயல் முடிந்துவிட்டதாக அது காட்டாது.

நடுகல்:
இன்னொன்று. மூன்று சொற்களும் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) தொடங்குகின்றன. பெரிய எழுத்தை யாராலும் உச்சரிக்க முடியாது, எழுத்தில் மட்டும் வாழும் குறி அது. ‘உச்சரிக்கிறேன்’ என்று தொடங்கும் கவிதை உச்சரிக்க முடியாத ஒரு குறியின் மேல் நிற்கிறது. தெரிதாவோடு ஒப்பிட உங்களுக்கு வேண்டிய இடம் இதுதான், முதல் அசை இல்லை.

தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் பலரும் மேற்கோள் குறி போடுவார்கள். போட்டதும் அது வெறும் சொல்லாகிவிடும், பொருள் வெளியே போய்விடும். மூலத்தில் மேற்கோள் குறி கிடையாது. தடித்த எழுத்தில் கொடுத்துவிட்டு, ஏன் அப்படி என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.